ரயில் வண்டியும் பழவேற்காட்டுக் கைலியும்

சென்ற கோடை விடுமுறையில் நாம் மலாய் நாட்டுக்குப் போய் வந்தோம். காட்டூரிலிருந்து புறப்படும்போது, அந்நிய தேசத்தில் நாம் பட்டினி கிடந்துவிடப் போகிறோமே என்று அஞ்சி, வீட்டில் பருப்புப் பொடியும் உப்பு நார்த்தங்காயும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். திரும்பி வரும் வரையில் அவை பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நேயர்களிடம் மட்டும் சொல்லுகிறோம்.

கோலாலம்பூரில் காலை வண்டிக்காகக் காத்திருந்தபோது ஒரு மலாய் அம்மாளிடம் வாழையிலைப் பொட்டலம் ஒன்று வாங்கினோம். 'நாசி லெமாக்' என்பது அதன் பெயர். தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோறு, மிளகாய் அரைத்த சம்பல், வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, பாதி முட்டை. இவற்றின் மேலே மொறுமொறுவென்று வறுத்த நெத்திலிக் கருவாடு! நம் ஏரிக்கரை மணலில் காயப் போட்டுக் காக்கைக்குக் காவல் இருக்கும் அதே நெத்திலிதான். அதை நாற்றம் பிடித்த சரக்கு என்று முகம் சுளிக்கும் பட்டணத்துச் சிநேகிதர்களை அந்த நிமிஷத்தில் நினைத்துக்கொண்டோம்.

பட்டர்வொர்த்துக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரப் பிரயாணம். மின்சார வண்டி, மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. மலாய் நாட்டின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங் நகரத்திலிருந்து வெல்டு துறைமுகத்துக்கு ஓடியது. பிற்காலத்தில் பாதை நெடுகச் சரளை கொட்டித் தண்டவாளம் காத்தவர்களில் நம் தமிழ்க் கூலிகள் ஏராளம். நிலைய அதிகாரிகளாகவும் குமாஸ்தாக்களாகவும் யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் இருந்தார்கள். ஈப்போவில் ஒரு காப்பி கிடைக்குமா என்று எட்டிப் பார்ப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஆனால் அதற்கு அப்பால் ஒரு காட்சி கிடைத்தது. புக்கிட் மேரா என்னும் ஏரியின் நடுவிலேயே ரயில் போகிறது. இரு புறமும் தண்ணீர். தூரத்தில் ஒரு சிறு படகு. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பழவேற்காட்டு ஏரியைக் கடந்து போகும் சாலை நினைவுக்கு வந்து, ஊர் ஏக்கம் தொண்டையை அடைத்தது.

பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகேறினால் பினாங்கு. அங்கே 'நாசி கண்டார்' சாப்பிடாமல் திரும்புவது பாவம். ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடித் தண்டின் ஒரு முனையில் சோறும் மறு முனையில் கறிகளும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, துறைமுகத் தொழிலாளருக்கு விற்றார்கள். தோள் தண்டுக்கு உரிய மலாய்ச் சொல்லே சோற்றுக்குப் பெயராகிவிட்டது. இப்போது மேஜை நாற்காலி போட்டுப் பரிமாறுகிறார்கள். நாலைந்து குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவதைக் கண்டு முதலில் திடுக்கிட்டோம். பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னோம்.

சாப்பிட்டு வெளியே வந்தபோது சூலியா தெருவில் ஒரு துணிக்கடை. கட்டம் போட்ட கைலிகளை அடுக்கி வைத்திருந்தார் கடைக்காரப் பெரியவர்.

"தம்பிக்கு எந்த ஊர்?"

"காட்டூர். பழவேற்காட்டுப் பக்கம்."

அவர் சிரித்தார். "அப்படியானால் உங்கள் ஊர்ச் சரக்கை உங்களுக்கே விற்கிறேன். இதற்கு இங்கே 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பழவேற்காட்டுத் துணி!"

நாம் பேச்சற்று நின்றோம். ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியதையும், இங்கே வாங்கிய துணிகளை மலாய்த் தீவுகளில் கொடுத்துக் கிராம்பும் ஜாதிக்காயும் மிளகும் பெற்றதையும் எத்தனையோ வருஷங்களாக வகுப்பில் சொல்லி வருகிறோம். பையன்கள் கொட்டாவி விடுவார்கள். உண்மையைச் சொன்னால், நமக்கும் வரும். மலாய்க்காரர் இன்றும் தொழுகைக்கு உடுத்திச் செல்லும் துணியில் நம் ஊரின் பெயர் இருப்பது நமக்கே தெரியாது!

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. துணி மட்டுமா கப்பலேறியது? 17-ஆம் நூற்றாண்டில், பஞ்ச காலங்களில், அதே துறையிலிருந்து மனிதர்களையும் விலைக்கு வாங்கிப் பட்டேவியாவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். துணியின் பெயர் இங்கே நிலைத்துவிட்டது; அந்த ஏழைகளில் ஒருவர் பெயரும் நம் பாடப் புத்தகத்தில் இல்லை. குளிர்ந்த வண்டியில் நெத்திலியைக் கொறித்துக்கொண்டு வந்த நமக்கு அது என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது.

கைலி ஒன்று வாங்கி வந்து அண்டை வீட்டுப் பெரியவருக்குக் கொடுத்தோம். அறுபது வருஷமாக ஏரியில் வலை வீசியவர். பெயரின் கதையைச் சொன்னோம். துணியை விரலால் நிரடிப் பார்த்தார்.

"நம்ம ஊர்ப் பேரா? நான் கட்டியிருக்கிறது பொன்னேரிக் கடையிலே வாங்கினது. எந்த ஊர்ச் சரக்கோ!" என்றார்.

பிறகு, "அது கிடக்கட்டும் வாத்தியாரய்யா, அங்கே இறால் என்ன விலை?" என்று கேட்டார்.

விசாரிக்காமல் வந்துவிட்டோம்.