இஞ்சியின் நெடும்பயணம்

ஸ்வீடன் நாட்டார் இஞ்சியை ‘இங்கெஃபேரா’ என்கின்றனர். நம் ‘இஞ்சிவேர்’ அன்றோ இது எனத் துள்ளத் தோன்றும். சற்றுப் பொறுங்கள்! நம் சொல் நேரே அங்குச் செல்லவில்லை. பாலியில் ‘சிங்கிவேரம்’, கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’, இலத்தீனில் ‘ஸிங்கிபெர்’ என உருமாறி, ஜெர்மன் வழியாகவே வடபுலம் சேர்ந்தது. பழந்தமிழில் முதலில் நின்ற சகரம் உதிர்ந்தே ‘இஞ்சி’ ஆயிற்று என்பர் மொழிநூலார். ஜெர்மனிலும் முதலெழுத்து தனியே உதிர்ந்தது. ஆகவே, காதில் விழும் ஒப்புமை தற்செயலே, உறவோ மெய். கொம்பைக் குறிக்கும் வடசொல்லே மூலம் என்பாரும் உளர். அது பின்னர்ப் பொருத்திய விளக்கமாகவே படுகிறது.

அரபியில் இதுவே ‘ஸன்ஜபீல்’. சுவனவாசிகளின் பானத்தில் அது கலந்திருக்குமெனத் திருக்குர்ஆன் (76:17) கூறுவதை வாசகர்கள் அறிவர்.

நம் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடக்கும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. அத்துறைக்கு 1733இல் ‘டிரொட்னிங் உல்ரிகா எலியொனோரா’ என்னும் ஸ்வீடன் வணிகக் கப்பல் வந்தது. அவர்கள் அமைத்த பண்டகசாலையை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒன்றுசேர்ந்து, படையனுப்பிக் கைப்பற்றினர். வாணிபப் போட்டி அத்தகையது! ‘இங்கெஃபேரா’வை நாவில் சுமந்து வந்த அம்மாலுமிகள், சரக்கை இழந்து திரும்பினர்.