சைபோர்ன் அகற்றிய பிரஷ்யர்கள்

படைப்பிரிவின் பெயரைச் சொன்னால் போதும், சிப்பாய் உருவம் தயார் என்று ஒரு விளம்பரம் இந்த வாரம் முழுக்க என் செல்பேசியில் வந்துகொண்டே இருந்தது. கணினியே உருவத்தை வடிக்குமாம், ரெசின் அச்சு இயந்திரம் ராத்திரியோடு ராத்திரியாக அதை அச்சிட்டுத் தந்துவிடுமாம். மாதிரிக்குக் காட்டியது 1815இல் வாட்டர்லூவில் நின்ற பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாயை. பெரிதாக்கிப் பார்த்தேன். வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

என் ஷாக்கோ தொப்பிப் புலம்பல் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் பழகியதுதான். ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1812ஆம் ஆண்டு மாதிரி ஷாக்கோவில் முன்பக்கம் உச்சியைவிட உயர்ந்து நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் படிக்கட்டு போலத் தெரியும். விளம்பரச் சிப்பாயின் தலையில் இருந்ததோ வெறும் உருளை. போதாக்குறைக்குத் தங்க நிறத் தகடு, குஞ்சம், வெள்ளைக் கால்சட்டை. போருக்கு முந்தைய நாள் கொட்டித் தீர்த்த மழையில் எத்தனையோ தொப்பிகள் எண்ணெய்த்துணி உறைக்குள் இருந்தன. கால்சட்டை சாம்பல் நிறம். அணிவகுப்பு நாளுக்கு உடுத்தியவனைப் போர்க்களத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அவன் பட்ட பாடு எதுவும் தெரியாது. இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. கணினித் திரையில் அருமையாக வடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆள் அன்று என்ன உடுத்தியிருந்தான் என்று யாரும் யாரையும் கேட்கவில்லையே, அதுதான் கோபம்.

கையால் வடிப்பவர்களுக்குக் கேட்காமல் முடியாது, ஏனென்றால் வேலை அவ்வளவு மெதுவாக நடக்கும். முதலில் கம்பியில் எலும்புக்கூடு. அதன் மேல் எபாக்சி மாவு. நீலமும் மஞ்சளுமாக இரண்டு பட்டைகளாக வரும், பிசைந்தால் பச்சையாகும். ஒழுகும் குழாயை நாம் அடைக்கிற எம்-சீலுக்கு உறவுக்காரப் பொருள். முதலில் கால்கள், அவை இறுகிய பிறகு உடம்பு, அது இறுகிய பிறகு மேலங்கி, கடைசியில் வார்களும் பையும். ஒவ்வொரு கட்டத்திலும் நின்று யோசித்தே தீர வேண்டும். பச்சை மாவு இறுகினாலும் கொஞ்சம் ரப்பர்த்தன்மை இருக்கும், அரம் போட்டால் சரியாகத் தேயாது. அதனால் வாள், தொப்பி விளிம்பு போன்ற கூர்மையான இடங்களுக்கு மில்லிபுட் என்ற இன்னொரு மாவைக் கலந்துகொள்வார்கள். செதுக்கலில் பாதி இந்தத் தேய்த்துச் சீராக்கும் வேலைதான். இங்கிலாந்தின் உருவ வடிப்பாளர் மைக்கேல் பெர்ரியை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பு. 1996இல் பிரான்சின் க்ரெஸியில், பழைய போரை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியொன்றில், பீரங்கி விபத்தில் வலது கையை இழந்தார். இடது கையால் வடிக்கக் கற்றுக்கொண்டு, இரட்டைச் சகோதரர் ஆலனோடு தொழிலைத் தொடர்ந்தார்.

இப்படிச் சிறிய உருவத்தில் உண்மையை அப்படியே சுருக்கினால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அன்றைய பிரிட்டிஷ் சிப்பாயின் பிரௌன் பெஸ் துப்பாக்கிக் குழலின் துளை சுமார் 19 மி.மீ. அறுபதில் ஒரு பங்காக்கினால் 0.3 மி.மீ. உலோகத்தில் வார்த்தால் குழல் வளையும், அல்லது ஒடியும். ஆகவே துப்பாக்கி தடிக்கும், பொத்தான் பெருக்கும், கையும் தலையும் கொஞ்சம் மிஞ்சும். பார்ப்பவன் கண்ணுக்கு உண்மையைக் கொண்டுசேர்க்கத்தான் இவ்வளவும் மிகைப்படுகின்றன. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இதை எழுதும்போது விளம்பரம் மறந்து வில்லியம் சைபோர்ன்தான் மனதில் நிற்கிறார்.

1830இல் இந்த பிரிட்டிஷ் அதிகாரியிடம் வாட்டர்லூ போர்க்களத்தை மாதிரியாகச் செய்யும் வேலை வந்தது. அவர் போர்க்களத்தின் நடுவிலிருந்த லா ஹே சாந்த் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். பிறகு, போரில் நின்ற அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மாலை ஏழு மணிவாக்கில் உங்கள் பிரிவு எந்த அமைப்பில் நின்றது? எதிரே இருந்த எதிரி எப்படி நின்றான்? உங்களைச் சுற்றி வயலில் என்ன பயிர் இருந்தது? கடைசிக் கேள்வியை வாசிக்கும்போதெல்லாம் அந்த மனிதர் மேல் எனக்கு அன்பு பெருகுகிறது. பதில்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. அவற்றில் ஒரு பகுதியை அவர் மகன் 1891இல் நூலாக்கினார். என் மேசையை விட்டு நகராத நூல் அது. கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொன்னவர்களும் இருக்கிறார்கள், புகையில் ஒன்றும் தெரியவில்லை என்று நேர்மையாக எழுதியவர்களும் இருக்கிறார்கள். பக்கத்துப் படைப்பிரிவோடு பழைய கணக்குத் தீர்த்தவர்களும் உண்டு. படைவரலாறு எழுத நினைக்கும் எந்த இளைஞரும் முதலில் இதைத்தான் படிக்க வேண்டும்.

1833இல் அரசு பணத்தை நிறுத்தியது. சைபோர்ன் கடன் வாங்கித் தொடர்ந்தார். 1838இல் லண்டனின் எகிப்தியன் ஹாலில் மாதிரி மக்கள் பார்வைக்கு வந்தபோது அதில் 75,000க்கு மேற்பட்ட ஈய உருவங்கள் இருந்தன. ஒரு மைல் நிலத்துக்கு ஒன்பது அடி என்பது அளவு. அந்தக் கணக்குப்படி மனிதனின் உயரம் மூன்று மில்லிமீட்டர்தான் வரும். சைபோர்ன் அவர்களை அதைவிட மிகப் பெரிதாக வைத்தார், ஒரே உருவத்தை ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்களாகக் கொண்டார். பெரிய சிக்கல் இந்த மிகையால் வரவில்லை.

அது பிரிட்டிஷாரின் கூட்டாளிகளான பிரஷ்யர்களால் வந்தது. பதில்களையும் பிரஷ்யத் தரப்பில் கேட்டறிந்ததையும் ஒப்பிட்டு, மாலை ஏழு மணிக்கு அவர்கள் எந்த இடம்வரை வந்திருந்தார்கள் என்று சைபோர்ன் கண்டாரோ அங்கேயே உருவங்களை நட்டார். வாட்டர்லூவில் பிரிட்டிஷ் தரப்புக்குத் தலைமை தாங்கிய வெலிங்டன் பிரபுவின் வட்டாரத்துக்கு அது பிடிக்கவில்லை. (நம் பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் படை நடத்திய அதே ஆர்தர் வெல்லெஸ்லிதான்.) வெற்றியில் பிரஷ்யர்களுக்கு இவ்வளவு பங்கா என்று பார்ப்பவர்கள் நினைத்துவிடுவார்களாம். கடனில் மூழ்கி, மேலிடத்து ஆதரவை எதிர்பார்த்து நின்ற சைபோர்ன், கடைசியில் பெருந்திரளான பிரஷ்ய உருவங்களை மாதிரியிலிருந்து எடுத்தார். 1849இல் இறந்தும் போனார்.

அவரை நான் குறை சொல்லமாட்டேன். மேலிடத்தைத்தான் சொல்வேன். மூன்று மில்லிமீட்டர் மனிதனைப் பெரிதாக்கியது அவன் தெரிய வேண்டும் என்பதற்காக. பிரஷ்யர்களை அகற்றச் செய்தது அவர்கள் தெரியக் கூடாது என்பதற்காக. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, மாதிரி என்றாலே கொஞ்சம் பொய் இருக்கத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மாதிரி இப்போது லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைக் குலைக்க வேண்டாம், அது சைபோர்னின் வரலாறும்கூட. பக்கத்தில் ஒரு தனிப் பலகை வைத்து, அகற்றிய பிரஷ்யர்களைப் புதிதாக வடித்து நிறுத்தலாமே. லாண்ட்வேர் என்ற பிரஷ்யக் குடிப்படையினரின் துணித்தொப்பியும் நீண்ட அங்கியும் வடிக்க எளிதானவை. கடினம் நடைதான். வாவ்ர் என்ற ஊரிலிருந்து சேற்றுப் பாதையில் பீரங்கிகளை இழுத்து வந்தவர்கள் அவர்கள். ஒரு சென்டிமீட்டர் உருவத்தில் சேறு தெரியாது என்பார்கள். சேற்றை வண்ணத்தில் காட்ட முடியாவிட்டால் உடம்பில் காட்டலாம். கால் எட்டு குறுக வேண்டும், இடுப்புக்கு மேல் உடம்பு முன்னே சாய வேண்டும், பின்காலின் முழங்கால் மடிப்பு ஆழமாக விழ வேண்டும். கம்பி எலும்புக்கூட்டை வளைக்கும்போதே இதைத் தீர்மானித்துவிட வேண்டும், மாவு ஏறிய பிறகு மாற்ற வழியில்லை.