கவனித்துப் பார்ப்பதும் அறிவியலே!

மாணவர்களே, சோதனைக் குழாய் இல்லாமல் ஆய்வு நடக்குமா? நடக்கும். ஆண்டுக்கணக்கில் மனிதர்களைப் பொறுமையாகக் கவனித்துக் குறித்து வைப்பதும் அறிவியல்தான். அதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

1970களில் அமெரிக்க மருத்துவர் பால்மர் பீஸ்லியின் குழு, தைவானில் 22,707 ஆண்களின் இரத்தத்தைச் சோதித்தது. யாருக்கு ஹெப்படைட்டிஸ் பி கிருமி இருக்கிறது எனக் குறித்துக்கொண்டு, அனைவரையும் தொடர்ந்து கவனித்தது. கிருமி உள்ளவர்கள் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால், 1981இல் வெளியான முடிவின்படி, கல்லீரல் புற்றுநோயால் இறந்த 41 பேரில் 40 பேர் அவர்களே!

நோய் வருமுன்பே குறித்து வைத்ததால்தான், கிருமி முந்தியது, புற்றுநோய் பிந்தியது என்பது தெளிவானது. நோயாளிகளை மட்டும் பின்னர் சோதித்திருந்தால் இந்த உறுதி கிடைத்திருக்காது.

தைவான் 1984இல் பச்சிளங் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. பின்னர் அங்கே சிறுவர்களிடையே கல்லீரல் புற்றுநோய் குறைந்தது. மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு அது போடப்படுகிறது.

அதற்கு முன் பிறந்த உங்கள் பெற்றோர், தாத்தா பாட்டிக்கு? பலருக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை. கிருமி பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் உடலில் இருக்கக்கூடும். “இரத்தப் பரிசோதனை செய்துகொண்டீர்களா?” என்று இன்றே அவர்களிடம் கேளுங்கள்.