ஒரு நாள் இயங்கும், ஒரு நாள் இயங்காது



வீட்டிலுள்ள ஒரு பொருள் முற்றிலும் பழுதாகிவிட்டால் அதனால் வரும் தொல்லை ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். எரியாத விளக்கை மாற்றுகிறோம். ஓடாத மின்விசிறியைப் பழுது பார்க்கக் கொடுக்கிறோம். ஆனால் காலையில் இயங்காமல் மாலையில் இயங்கும் பொருள் ஒன்று இருக்கிறதே, அது வீட்டாரின் பொறுமையை நாள்தோறும் சிறிது சிறிதாக அரித்துவிடும். உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிய மேசைக் கணிப்பொறி இவ்வாறு ஆகிவிட்டாலோ, குறை பொறியோடு நிற்பதில்லை. பூட்டியவன் தலையிலும் பழி விழுகிறது.

மலைமேலுள்ள ஓர் ஊரில் நான் அறிந்த குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். பாலிடெக்னிக்கில் பயிலும் மகன், சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டு, பிராசசர், ராம் முதலியவற்றை வாங்கி வந்து, சிக்கனம் கருதிப் பழைய கணிப்பொறியின் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, புதிய பொறியொன்றைப் பூட்டினான். மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு முழுவதையும் தாயார் அதில்தான் எழுதி வந்தார். இரண்டு மாதங்கள் ஒரு குறையுமில்லை. அதன்பின் தொடங்கிற்று தொல்லை. விசையை அழுத்தினால் உள்ளே விசிறி சுழலும். திரையோ இருண்டே கிடக்கும். அணைத்துவிட்டு மூன்றாம் முறையோ நான்காம் முறையோ அழுத்தினால், ஒன்றுமே நேராததுபோல் இயங்கத் தொடங்கும். "கடையில் பூட்டியதையே வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை உண்டா?" என்று தந்தையார் அன்றாடம் கேட்கலானார். மகனிடம் மறுமொழி இல்லை.

பிறகு ஆளுக்கொரு வைத்தியம். மாமா சொற்படி ராமைக் கழற்றி, அதன் முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்து மீண்டும் பொருத்தினர், பொறி இயங்கிற்று. இரண்டாம் நாள் பழைய கதை. (முனையிலுள்ள பொன்முலாம் மிக மெல்லியது. ரப்பரால் அடிக்கடி தேய்ப்பது எனக்கு உடன்பாடன்று. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.) நண்பன் ஒருவன் மதர்போர்டிலுள்ள நாணயம் போன்ற பேட்டரியை மாற்றச் சொன்னான். சி.ஆர். 2032 என்னும் அந்த 3 வோல்ட் பேட்டரியைப் புதிதாக இட்டனர். அன்றும் இயங்கிற்று, மறுநாள் இல்லை. இறுதியில் கடைக்குத் தூக்கிச் சென்றனர். அங்கே பிற்பகல் முழுவதும் எத்தனை முறை அணைத்து எழுப்பினும் சற்றும் பிசகவில்லை. பழுது பார்ப்பவர் ஊகமாக, மதர்போர்டை மாற்றிவிடலாம் என்றார். அதற்காகக் குடும்பத்தார் சேமிப்பில் கை வைக்கவிருந்த வேளையில்தான் செய்தி என் காதுக்கு எட்டியது.

தர்க்க நூல் பயின்றோர், 'இதற்குப்பின் நிகழ்ந்தது, ஆகவே இதனால் நிகழ்ந்தது' என்னும் போலி நியாயத்தை அறிவர். விட்டுவிட்டு வரும் பழுது இப்போலி நியாயத்தை வளர்க்கும் நாற்றங்கால். இரண்டுக்கு ஒரு முறை தானாகவே இயங்கும் பொறியில் எதைச் செய்தாலும், ஏன், அதன்மீது ஒரு பூச்சரத்தைச் சாத்தினாலும்கூட, அடுத்த முறை அது இயங்குவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆகவே ஒருமுறை இயங்கியது எதற்கும் சான்றாகாது. தொடர்ந்து 5 முறை இயங்கினால், அது தற்செயலாக நிகழ 32-இல் ஒரு வாய்ப்பே உண்டு. 7 முறை என்றால் 128-இல் ஒன்று. நான்குக்கு ஒரு முறை மட்டும் தவறும் பொறியாயின் இன்னும் பொறுமை வேண்டும். அது தொடர்ந்து 10 முறை தற்செயலாகவே சரியாக இயங்குவதற்கு ஏறத்தாழ 18-இல் ஒரு வாய்ப்பு உண்டு. மாமாவின் ரப்பரும் நண்பனின் பேட்டரியும் ஒரே ஒரு வெற்றியைக் கொண்டே நற்பெயர் பெற்றன.

நான் முதலில் சொன்னது, பழுதைத் தேடுமுன் கணக்கைக் காப்பாற்றுங்கள் என்பதே. அடுத்த முறை பொறி இயங்கியவுடன், வேறெதிலும் கை வைக்காமல், குழுவின் கணக்குகளை இரண்டு பென்டிரைவ்களில் படியெடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைக்கச் சொன்னேன். பிறகு ஒரு 40 பக்க நோட்டு. ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் நாள், மணி, அது அன்றைய முதல் முயற்சியா, எந்தக் கட்டத்தில் நின்றது, முன்தினம் எதை மாற்றினோம் என்று எழுதிவர வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

எந்தக் கட்டத்தில் நின்றது என்பது சிறு செய்தியன்று. விசையை அழுத்தியும் விசிறியே அசையவில்லையென்றால் சுவர் பிளக், மின்வழங்கி, கேபினெட்டின் விசை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால் ராம், பிராசசர் அருகே செருகும் தனி மின்கம்பி, கிராபிக்ஸ் கார்டு, மின்வழங்கி ஆகியவை ஐயத்துக்குரியவை. தயாரித்த நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றியபின் நின்றால் ஹார்ட் டிஸ்க்கையோ விண்டோஸையோ நோக்க வேண்டும். இக்காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் இதற்கென்றே நான்கு சிறு விளக்குகள் உள்ளன. எது அணையாமல் எரிகிறதோ அங்கே தடை.

பன்னிரண்டு நாள்களில் நோட்டு பேசிற்று. தவறிய முயற்சிகள் யாவும் காலை வேளைக்குரியவை; இரவெல்லாம் குளிர்ந்து கிடந்தபின் செய்தவை. பகலில் அணைத்து உடனே எழுப்பியபோது ஒருமுறைகூடத் தவறவில்லை. கடையில் குறை காணப்படாத மர்மமும் இதனால் விளங்கிற்று: அங்கே பொறி பிற்பகல் முழுவதும் சூடாகவே இருந்தது.

மின்வழங்கியானது 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் என நேர்மின்னாக்கித் தருகிறது. இவ்வழுத்தங்கள் நிலைபெற்றதும், 'மின்சாரம் சரி' என்று மதர்போர்டுக்கு ஒரு சமிக்ஞை அனுப்ப வேண்டும். நிலைபெற்ற பின் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் அது செல்ல வேண்டும் என்பது ஏ.டி.எக்ஸ். விதி. அது வராதவரை பிராசசர் உறக்கத்திலேயே நிறுத்தப்பட்டிருக்கும். விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். மின்வழங்கியினுள் உள்ள மின்தேக்கிகள் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து வலுவிழக்கின்றன; குளிரில் அவற்றின் உள்தடை மேலும் மிகுகிறது. சற்றுச் சூடேறியதும் ஒருவாறு பணி செய்கின்றன. ஆகவே நான்காம் முறை அழுத்தியபோது இயங்கியதில் விந்தை ஒன்றுமில்லை; முன் மூன்று முறையும் அது வெதுவெதுப்பாகிக்கொண்டிருந்தது.

எனினும் இதுவும் ஊகம்தான். ஆகவே புதிதாக ஒன்று வாங்க வேண்டாம், ஒரு வாரத்துக்கு இரவல் பெறுங்கள் என்றேன். அடுத்த தெருவிலிருந்து ஒரு மின்வழங்கி வந்தது. ஏழு காலைகளிலும் முதல் முயற்சியிலேயே பொறி எழுந்தது. எட்டாம் நாள் பழையதை மீண்டும் பூட்டச் சொன்னேன். இரண்டு காலைகளிலும் தவறிற்று. அதன் பிறகே புதியதை வாங்கினர். மதர்போர்டின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. பூட்டிய வேலையில் ஒரு திருகாணிகூடப் பிசகில்லை என்பதைத் தந்தையார் நோட்டைப் புரட்டிப் பார்த்துத் தாமே மகனிடம் கூறினாராம்.

பழைய மின்வழங்கியைத் திறந்து சீர்செய்ய முயன்றதாகச் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அன்பர்களே, வேண்டாம். அதனுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் நிற்கலாம்.

உங்கள் வீட்டு நோட்டில் வேறு செய்தி வரலாம். சூடேறிய பின்னரே தவறுகிறதென்றால் குளிர்விப்பானில் அடைந்த தூசியையும், தளர்ந்த இணைப்புகளையும் பாருங்கள். எப்போது என்றில்லாமல் தவறினால், பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்னும் ராம் வேகக் கூட்டலை நிறுத்திவைத்துச் சில நாள் பாருங்கள். இரண்டு ராம்கள் இருந்தால் ஒவ்வொன்றாகவும் சோதியுங்கள். விண்டோஸில் அணைத்து எழுப்பினால் தவறி, 'ரீஸ்டார்ட்' செய்தால் தவறாதிருந்தால், 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் உள்ள 'பாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்னும் ஏற்பாட்டை நிறுத்திப் பார்க்கலாம். அது இருக்கும்வரை அணைத்தல் முழு அணைத்தலாவதில்லை. சின்னமே தோன்றாத இருட்டுக்கு மட்டும் விண்டோஸைக் குறை சொல்லாதீர்கள். அவ்வேளையில் அது இன்னும் மேடை ஏறவில்லை.

புதிதாகப் பூட்டுவோருக்கு ஒரு சொல். டி.டி.ஆர். 5 வகை ராம் கொண்ட பொறிகள், சிறப்பாக 2022-இல் வெளிவந்த ஏ.எம்.5 வகை மதர்போர்டுகள், முதன்முறை எழும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் இருண்ட திரையோடு நிற்பதுண்டு. பழுதென்று பதறி இடையில் விசையை அழுத்தினால், அடுத்த முறை அது மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஒரு கோப்பைக் காப்பி அருந்தி முடிக்கும்வரை அதன் அருகே செல்லாதிருங்கள்.