இரண்டு ரூபாய்ப் பம்மாத்து

மரக்காணத்து உப்பளங்கள் மழைநீரில் மூழ்கி, பாத்திகளில் வேலை ஓய்ந்துவிடும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிரம்மதேசம் முதல் கடற்கரை வரை நம் இளைஞர்களுக்குக் கைப்பேசிதான் பொழுதுபோக்கு. அதில் பணம் வைத்துப் போக்கர் ஆடுகிறவர்களைக் கண்டித்தால், "ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஆட்டம்தானே, இதுவா சூது?" என்கிறார்கள். "இது திறமை ஆட்டம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் சட்டம் எத்தனை முறை திரும்பியது என்று பாருங்கள். 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டத்தால் இணையச் சூதாட்டத்தைத் தடுத்தது. அதன் தொடர்ச்சியாக வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரைக்குப் பின் இயற்றப்பட்ட புதிய சட்டம், ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று கூறி அவ்விரண்டையும் தடையிலிருந்து உயர்நீதிமன்றம் விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமோ, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடுவதே கூடாது என்று சட்டம் இயற்றிவிட்டது. இந்த ஊசலைக் கொண்டா நாம் ஹலாலையும் ஹராமையும் அளப்பது? (இடைப்பட்ட காலத்தில், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்று மாநில அரசு விதி செய்ய வேண்டியிருந்தது. தஹஜ்ஜத் தொழுகைக்குரிய நேரம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.)

அல்லாஹ் தடுத்தது 'மைஸிர்'. அறியாமைக் கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, அம்புகளைக் குலுக்கி எடுத்து அந்தப் பங்குகளுக்காகச் சூதாடினார்கள். வென்ற இறைச்சியை ஏழைகளுக்கு வழங்குவதைப் பெருமையாகவும் கருதினார்கள். அதில் சில பயன்கள் உண்டென்று ஒப்புக்கொண்டே, பாவம் பயனைவிடப் பெரிது என்கிறது திருக்குர்ஆன் (2:219). பின்னர் 5:90-91 வசனங்களில் அதை முற்றாக விலக்கிவிட்டது. ஏழைக்கு இறைச்சி கொடுத்த சூதே ஹராம் என்றால், இரண்டு ரூபாய் என்ற சிறுமை மட்டும் எதைக் காப்பாற்றும்? "வா, சூதாடுவோம்" என்று தோழனை அழைத்தவரே அதற்காகத் தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). அங்கே காசு கைமாறுவதற்கு முன்பே பேச்சு குற்றமாகிவிட்டது.

அந்தச் சிறுமையும் நிலைப்பதன்று. போக்கரின் உயிர் பம்மாத்தில் இருக்கிறது. கையில் ஒன்றுமில்லாதவர் பெருந்தொகையை முன்வைக்கிறார். அவரைவிட நல்ல சீட்டு வைத்திருப்பவர் அஞ்சிக் கவிழ்த்துவிட்டு விலகுகிறார். இரண்டு ரூபாய்க்கு யார் அஞ்சுவார்? "பார்த்துவிடுவோம்" என்று பணத்தைக் கட்டிவிடுவார். சிறு தொகை ஆட்டத்தில் பம்மாத்துச் செய்யாதே என்று தேர்ந்த ஆட்டக்காரர்களே புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். இழப்பு வலிக்கும் இடத்தில்தான் பம்மாத்துப் பலிக்கும். ஆகவே அதன் சுவை கண்டவர் இருபது ரூபாய்க்கும், இருநூறு ரூபாய்க்கும் ஏறியே தீருவார். அவருக்குத் தேவைப்படுவது எதிரே இருப்பவரின் அச்சம். அந்த அச்சம் ஒருவருடைய வாடகைப் பணத்திலிருந்தோ கூலியிலிருந்தோதான் வர வேண்டும். யார் வென்றாலும் ஆட்டத்துக்கு ஆட்டம் நிறுவனம் தன் கழிவை எடுத்துக்கொள்கிறது என்பது தனிக்கதை.

"எல்லோரும் அறிந்தே ஏமாற்றுகிறோம், அது பொய்யாகாது" என்பார்கள். பணமில்லாத விளையாட்டில் மறைப்பது வேறு. கண்ணாமூச்சியை எவரும் பொய் என்பதில்லை. பணம் வந்ததும் கணக்கு மாறுகிறது. வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்டு அடுத்தவரைச் சிக்கவைக்கும் 'நஜ்ஷ்' தடுக்கப்பட்டது (புகாரி). சந்தையில் இப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும்தான் அது தடுக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியிலிருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த செய்தியும் நாம் அறிந்ததே (முஸ்லிம்). மேலே வெள்ளை உப்பைப் பரப்பி, அடியில் மண் கலந்ததை வைத்து விற்பவரை நம் பகுதியில் யார் நாணயமானவர் என்பார்? போரில் சூழ்ச்சிக்கு இடமுண்டே என்று ஹதீஸைத் துணைக்கு அழைப்போரும் உண்டு. போர் எங்கே, சக மனிதரின் கூலியைக் கவர்வது எங்கே!

புதிய சட்டத்துக்குப் பின் பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. ஆனால் போலி நாணயத்தில் ஆடி, கணக்கை வாட்ஸ்அப் குழுவில் வைத்துக்கொண்டு, ஜிபேயில் தீர்த்துக்கொள்ள எந்த நிறுவனமும் தேவையில்லை. பெயர் மாறினாலும் அது மைஸிர்தான்.

வென்ற பணத்தை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: உரியவர் தெரிந்தால் அவரிடமே திருப்பித் தர வேண்டும், தெரியாவிட்டால் நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அறிஞர் பலரின் முடிவு. முகமறியாதவருடன் செயலியில் ஆடியவருக்கு இரண்டாவது வழி. குழுவில் ஆடியவருக்கு அந்தச் சலுகை இல்லை. தோற்றவர் யாரென்று தெரியும், அவருடைய எண்ணும் கைப்பேசியிலேயே இருக்கிறது.