பெயர் இல்லாத வயர்

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன, ஹாரன் ஓங்கி அடிக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. இப்படி நிற்கும் காரைச் சுற்றி ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிடும். பேட்டரி போய்விட்டது என்பார் ஒருவர். செல்ஃப் மோட்டாரை மாற்றிவிடுங்கள் என்பார் இன்னொருவர். இரண்டுமே ஆயிரக்கணக்கில் செலவு வைப்பவை. எதையும் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அளந்து பார்ப்பது.

என் நண்பர் இரண்டாம் கையாக வாங்கிய மாருதி 800 அண்மையில் இப்படித்தான் நின்றது. வந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பேட்டரி டெர்மினல்களில் வைத்தார். 12.6 வோல்ட். ஆறு செல்களும் தலைக்கு 2.1 வோல்ட் தருகின்றன, சார்ஜ் முழுதாக இருக்கிறது என்று பொருள். “இப்ப சாவியைத் திருப்புங்க சார்” என்றார். எண் 12.5க்கு இறங்கி, அங்கேயே நின்றது.

பாதி விடை அந்த எண்ணிலேயே கிடைத்துவிட்டது. செல்ஃப் மோட்டார் சுழலும்போது சின்ன காரிலேயே நூறு ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் இழுக்கும். அப்போது நல்ல பேட்டரியும் பத்து, பத்தரை வோல்ட்டுக்கு இறங்கும். 9.6க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இங்கே இறக்கமே இல்லை என்றால் மோட்டார் கரண்ட்டைக் கேட்கவே இல்லை. கட்டளை அதனிடம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அடுத்த கேள்வி.

மோட்டாரின் மேல் உட்கார்ந்திருக்கும் சோலினாய்டுக்கு இரண்டு வழிகளில் கரண்ட் வருகிறது. தடித்த கேபிள் பேட்டரியிலிருந்து நேராக வரும். மெல்லிய வயர் ஒன்று இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும். சாவியை முழுதாகத் திருப்பும்போது மட்டும் அதில் கரண்ட் பாய்ந்து, சோலினாய்டை இழுத்து, கேபிளை மோட்டாரோடு சேர்த்துவிடும். சாவியைத் திருப்பிப் பிடித்தபடி அளந்தபோது சுவிட்சின் பின்புறம் 12 வோல்ட் இருந்தது. அதே வயர் சோலினாய்டைத் தொடும் இடத்தில் 4 வோல்ட்தான். எட்டு வோல்ட் நடுவழியில் காணவில்லை.

அந்த வயரைச் சோலினாய்டிலிருந்து கழற்றிவிட்டு அளந்திருந்தால் அங்கேயும் மீட்டர் 12 என்றே காட்டியிருக்கும். மீட்டருக்குத் துளிக் கரண்ட் போதும், கருகிய இணைப்பு வழியாகக்கூட அது வந்துவிடும். சோலினாய்டு கேட்கும் கரண்ட் வராது. ஆகவே, வேலை நடக்கும்போதே அளக்க வேண்டும். எஞ்சினுக்குப் போகும் எர்த் பட்டைக்கும் இதே விதிதான். அதில் 0.05 ஓம் தடை சேர்ந்தாலே, நூறு ஆம்பியர் பாயும்போது 5 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். 1827இல் ஓம் வெளியிட்ட விதி தெருவோர ஷெட்டில் இன்றும் அப்படியே வேலை செய்கிறது.

ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்த உறையைக் கழற்றியதும் கறுப்பு டேப் சுற்றிய கொத்து ஒன்று தொங்கியது. கம்பெனி போட்ட வயர் கறுப்பு, அதில் மஞ்சள் கோடு. அதை நடுவில் வெட்டி, இரண்டு முனைகளிலும் சிவப்பு வயரை முறுக்கியிருந்தார்கள். கொத்தில் இருந்த மற்ற வயர்களும் அதே சிவப்பு. எது எங்கே போகிறது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

நண்பர் கட்டரை எடுக்கப்போனார். “அறுக்காதீங்க சார், முதல்ல அது எங்கேருந்து வருதுன்னு பார்ப்போம்” என்று எலெக்ட்ரீஷியன் தடுத்தார். டெஸ்ட் லேம்ப்பை வைத்து, எதில் எப்போதும் கரண்ட் இருக்கிறது, எதில் சாவி போட்டால் மட்டும் வருகிறது என்று பிரித்தார். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, மீட்டரின் பீப் ஒலியால் ஒவ்வொரு வயரின் மறுமுனையையும் கண்டுபிடித்தார். வயர்கள் ஒரு ரிலேயில் போய் முடிந்தன. அதன் அடியில் பொறித்திருந்த எண்கள் மிச்சத்தைச் சொல்லின. 85, 86 காயிலுக்கு. 30, 87 தொடுமுனைகளுக்கு. முன்பு வைத்திருந்தவர் திருட்டு அலாரம் போட்டிருக்கிறார். பிறகு சைரனைக் கழற்றியவர்கள், செல்ஃப் வயரை வெட்டிச் சேர்த்த ரிலேயை அப்படியே விட்டுவிட்டார்கள். உள்ளே தொடுமுனைகள் கருகியிருந்தன. கம்பெனி வயரின் இரு முனைகளையும் சால்டர் வைத்து இணைத்து ஸ்லீவ் போட்டதும் எஞ்சின் உடனே பிடித்தது. பேட்டரியும் மோட்டாரும் பழையவையே.

ரிலேயில் இருந்த அந்த எண்கள் டின் 72552 என்ற ஜெர்மானியத் தரநிலையில் வகுத்தவை. எப்போதும் உயிரோடு இருக்கும் முனை 30, சாவி போட்டால் உயிர் வருவது 15, செல்ஃபுக்குப் போவது 50, எர்த் 31. பிளேடு ஃபியூஸ்களுக்கும் நிறம் உண்டு: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. இவற்றை வகுத்தவர்கள், பழுது பார்க்கப்போகும் முகம் தெரியாத ஒருவரை மனதில் வைத்திருந்தார்கள். ஆக்சஸரி கடையில் கையில் கிடைத்த வயரைப் போட்டு டேப் சுற்றுபவர் அந்த மனிதரை மறந்துவிடுகிறார். வீட்டு எண்ணே இல்லாத தெருவில் தபால்காரரை அலையவிடும் வேலை அது. ஆபத்தும் உண்டு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் இழுத்த வயர், எங்காவது உரசி இரும்பைத் தொட்டால் சில நொடிகளில் பழுத்துவிடும், தீப்பிடிக்கவும் கூடும்.

அரை மணி நேரத்தில் ஃபாக் லேம்ப் மாட்டித் தருபவரைக் கெட்டிக்காரர் என்கிறோம். அளந்து பார்த்து, ஒரு பாகமும் மாற்றாமல் வண்டியை எடுத்துத் தருபவரிடம், ஒன்றுமே மாற்றவில்லையே, இதற்கா இவ்வளவு கூலி என்று பேரம் பேசுகிறோம். அவர் நமக்கு மிச்சப்படுத்தியது ஒரு மோட்டாரின் விலை. அந்த அறிவுக்குத்தான் முதலில் கூலி தர வேண்டும்.

அடுத்த முறை காரில் ஹாரனோ கேமராவோ மாட்டும்போது கடைக்காரரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், வேலைக்கொரு நிற வயர், இரு முனையிலும் பெயர்ச் சீட்டு. எங்கே, எதோடு இணைத்தார் என்பதை ஒரு தாளில் வரையச் சொல்லி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். காரை விற்கும்போது அந்தத் தாளையும் சேர்த்தே கொடுங்கள்.