மில்லை மூடச் சொல்லல, ரிப்பேர் பண்ணச் சொல்றேன்

ஏழு வயசுப் பொண்ணு. மூணு மாசத்துல நாலாவது தடவையா வீசிங்கோட வந்தா. முதல் மூணு தடவையும் நெபுலைசர் வெச்சு, இன்ஹேலர் எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன். நாலாவது தடவைதான் "வீட்டுப் பக்கத்துல என்ன இருக்கு?"ன்னு கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்கணும். அது என் தப்பு.

"ரைஸ் மில் சார். மாடியில துணி காயப்போட்டா கறுப்பு கறுப்பா சாம்பல் விழுது"ன்னாங்க அவ அம்மா.

நெல் அவிக்கிற பாய்லர்ல உமியைத்தான் எரிக்கிறாங்க. உமிச் சாம்பல்ல பெரும்பகுதி சிலிகா. கண்ணுல விழுந்தா கருவிழியைக் கீறும். நுண்துகள் நுரையீரல் வரைக்கும் போகும். ஆஸ்துமா இருக்கிற குழந்தைக்கு இது போதும்.

இந்தச் சாம்பலைப் பிடிக்கத்தான் புகைபோக்கிக்கு முன்னாடி ஒரு சைக்ளோன் வைக்கிறாங்க. அந்த மில்லுலயும் இருக்கு! போய்ப் பார்த்தேன். அடித்தொட்டியில சாம்பல் அள்ளாம முட்டிக் கிடக்கு, தகடு துருப்பிடிச்சு ஓட்டை. அடியில ஓட்டை விழுந்தா வெளிக்காத்து உள்ளே ஏறி, பிடிச்சு வெச்ச சாம்பலையும் மறுபடி மேலே தூக்கிட்டுப் போயிடும். அதாவது மெஷின் இருக்கு, வேலை செய்யல. லைசென்ஸுக்குக் காட்ட மட்டும் நிக்குது.

ஓனர் சொன்னது: "சீசன் முடியட்டும் டாக்டர், பார்த்துக்கலாம்." அவரும் என் பேஷண்ட்தான். அவரோட கார் சர்வீஸ் மட்டும் ஒரு நாள் தள்ளிப் போகாது.

'ஒரு ஓட்டைத் தகட்டுக்கு இவ்வளவு பேச்சா'ன்னு கேக்குறவங்க போபாலைப் படிங்க. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு. அந்த யூனியன் கார்பைடு ஆலையில் பாதுகாப்புக் கருவிகளே இல்லாமல் போகவில்லை. விஷத் திரவத்தைக் குளிரவைக்கும் இயந்திரம் இருந்தது. பல மாதங்களாக நிறுத்தி வைத்திருந்தார்கள். கசியும் வாயுவை எரிக்கும் கோபுரம் இருந்தது. அதற்குப் போகும் குழாய் அரித்துப்போய், கழற்றி வைத்தது மாட்டப்படவில்லை. வாயுவைக் கழுவி நீக்கும் ஸ்க்ரப்பர் இருந்தது. இயங்கும் நிலையில் இல்லை. ஆயிரக்கணக்கில் செத்தாங்க. வந்தது என்ன வாயு, எதைக் கொடுத்தா முறியும்னுகூடத் தெரியாம, கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கிட்டு நின்னாங்க அங்கிருந்த டாக்டர்கள். ஒரு டாக்டரா என்னால கடந்து போக முடியாத இடம் அது.

2020 மே 7 அதிகாலை, விசாகப்பட்டினம். ஸ்டைரீன் தொட்டி சூடேறி வாயு வெளியேறியது. 12 பேர் பலி. ஆலையில் சைரன் இருந்தது; ஊரை எழுப்ப அது ஒலிக்கவில்லை.

இதையெல்லாம் 'விபத்து'ன்னு எழுதுறோம். மாத்திரையை நிறுத்திட்ட சர்க்கரை நோயாளிக்குக் கால் அழுகினா அதை விபத்துன்னா சொல்வோம்?

"மில்லை மூடினா நூறு குடும்பம் என்ன சாப்பிடும்?"னு கமெண்ட்ல வருவீங்க. நியாயமான கேள்விதான், ஆனா நான் கேக்காத விஷயத்துக்குப் பதில். மூடச் சொல்லவே இல்லையே. தகட்டை வெல்டிங் வையுங்க, சாம்பலைத் தினமும் அள்ளுங்கன்னுதான் சொல்றேன். அந்த நூறு பேரும் அதே சாம்பலைத்தான் முதல்ல, நம்மைவிட அதிகமா மூச்சுல இழுக்கிறாங்க.

பக்கத்துல இப்படி மில்லோ, ஜெனரேட்டரோ, பட்டறையோ இருந்தா ஒரு நோட்டுல தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம் அடிச்சது, குழந்தைக்கு எப்ப இருமல்னு எழுதி வையுங்க. போட்டோ எடுங்க. டாக்டர்கிட்ட போகும்போது இதையும் சொல்லி, சீட்டுல எழுதச் சொல்லுங்க. அதோட மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்துல புகார் கொடுங்க. நடக்கலையா, கோட்டாட்சியர்கிட்ட போங்க. பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி உத்தரவு போட பிஎன்எஸ்எஸ் 152-ஆம் பிரிவுல அவருக்கு அதிகாரம் இருக்கு. பழைய சிஆர்பிசி 133 அதுதான்.

அந்தப் பொண்ணோட சீட்டுல இந்தத் தடவை இன்ஹேலருக்குக் கீழே "வீட்டருகே உமிச் சாம்பல்"னு எழுதி, சீல் வெச்சுக் கொடுத்திருக்கேன்.